நாலு கம்ப இடைவெளி

நான் செய்யும் வேலையை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். ஒரு காரை, அதில் எந்த மாற்றமும் செய்யாமல், சும்மா ஓட்டிக்கொண்டு போய்ச் சும்மா திரும்பி வர வேண்டும். அதற்குச் சம்பளம்.

எனக்கு முன்னால் இன்னொரு கார் போகும். அதன் இன்ஜின் ஆயிலில் மருந்து கலந்திருக்கும். என் காரில் வெறும் ஆயில். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாடகைக்கு எடுத்த ஒரே மாதிரி கார்கள், பெட்டி போல உயரமானவை. இரண்டும் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். மாலையில் எது எவ்வளவு பெட்ரோல் குடித்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். முன்வண்டி குறைவாகக் குடித்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மக்கு வேண்டும் அல்லவா? அந்த மக்குதான் நான்.

மருந்து என்பது நாங்களாக வைத்த பெயர். கண்டுபிடித்தவர் அதை ஆடிட்டிவ் என்பார். நாற்பது வயதுகூட ஆகாத கெமிஸ்ட், அதற்குள் தலை பாதி காலி. பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, மச்சானுடைய பழைய கிடங்கில் மூன்று வருஷமாக எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை மருந்துக்காரர் என்போம். நல்ல மனுஷர். எண்களோடு பேசிப் பேசி மனிதர்களோடு பேச மறந்தவர்.

"இன்ஜினுக்குள்ள இரும்பும் இரும்பும் சதா உரசிக்கிட்டே இருக்கு. போடற பெட்ரோல்ல ஒரு பங்கு அந்த உரசலுக்கே போயிடுது. என் மருந்து நடுவுல மெல்லிசாப் படிஞ்சு உரசலைக் குறைக்கும். நூறு லிட்டர்ல ஓடற தூரத்தை வண்டி தொண்ணூத்தேழு லிட்டர்ல ஓடிடும்" என்று முதல் நாள் எங்களுக்குச் சொன்னார்.

"மூணு லிட்டருக்கா இத்தனை பாடு?" என்று கேட்டேன்.

"ஒரு வண்டிக்கு மூணு. ஊர்ல எத்தனை வண்டி ஓடுதுன்னு எண்ணிப் பாருங்க" என்றார்.

மூன்று லிட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டுமானால் மற்ற எல்லாவற்றையும் கட்டிப்போட வேண்டும். கண்ணாடி இறக்கக் கூடாது. ஏசி கூடாது. ரேடியோவைக் கழற்றியே எடுத்துவிட்டார்கள், பாட்டு கேட்டால் கால் தாளம் போடுமாம். போனை ஆபீசில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போக வேண்டும். டயரில் காற்று கூடக் குறையக் கூடாது. காலையில் மெக்கானிக் தனி டேங்கைத் தராசில் நிறுத்து டிக்கிக்குள் மாட்டுவார், மாலையில் கழற்றி மறுபடி நிறுப்பார். எண்பதில் போ என்றால் எண்பதுதான். எண்பத்திரண்டுக்குப் போனால் மருந்துக்காரருக்கு முகம் வாடிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய விதி இடைவெளி. ரோட்டோரம் மின்கம்பங்கள் ஐம்பது மீட்டருக்கு ஒன்று. இரண்டு வண்டிக்கும் நடுவில் எப்போதும் நாலு கம்பம் இருக்க வேண்டும். ஏனென்றால் முன்னால் போகிற வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவனுக்குக் கிழித்த காற்று சும்மா கிடைக்கும், அவன் வண்டி குறைவாகக் குடிக்கும். சைக்கிள் பந்தயக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி இது. அப்படிப் பின்வண்டி குறைவாகக் குடித்துவிட்டால் கணக்கே குட்டிச்சுவர். ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் இடைவெளி எத்தனை கம்பம் என்று நானும் என் தாளில் எழுத வேண்டும், முன்வண்டியும் கண்ணாடியில் பார்த்துத் தன் தாளில் எழுத வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. தாள்கள் தனித்தனி உறைக்குள் போய்விடும்.

முன்வண்டி என்று நான் சொல்வது அதை ஓட்டிய அம்மாவையும் சேர்த்துத்தான். ஆபீசில் அவர் முன்வண்டி, நான் பின்வண்டி. ஐம்பதை நெருங்கும் வயது. இந்த வேலைக்கு முன் பதினோரு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாராம். "நாப்பது பிள்ளைங்க கத்தற வேன்லேர்ந்து ஈ காக்கா இல்லாத கார்க்கு வந்துட்டேன்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் யாரும் சட்டென்று எதையும் சொல்வதில்லை. என் முகராசி அப்படி.

நானும் இதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவன். பின் சீட்டில் ஏறுகிறவர்கள் போனில் பேசிக்கொண்டே ஏறி, பேசிக்கொண்டே இறங்கிப் போவார்கள். வண்டியில் பேசாத பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. மனைவி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் அக்கா வீட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. "உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணுதான். தனியா இருந்தா சமையலாவது பாதி" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இப்போது டயர் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். கட்டில், அடுப்பு, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி கிடக்கும்.

முதல் இருபது நாள் இரண்டு காரிலும் வெறும் ஆயில்தான். மருந்துக்கு முன்னால் இரண்டும் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துகொள்ள. அந்த இருபது நாளும் நான் விதி பிசகவில்லை. நாலு கம்பம் தள்ளிப் பார்த்தால் முன்வண்டி ஒரு வெள்ளைப் புள்ளி. அதில் ஆள் இருப்பதே தெரியாது. பாதி வழியில் ஒரு டீக்கடை. இருபது நிமிஷம், இன்ஜின் நிறுத்தி. அவர் ஒரு பெஞ்சில், நான் ஒரு பெஞ்சில். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்பார். "ஆமா" என்பேன். இருபது நிமிஷத்துக்கு அது போதாது. ஆனால் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வராது.

இருபத்தோராம் நாள் முன்வண்டியில் பழைய ஆயிலை வடித்துவிட்டு மருந்து கலந்த புது ஆயிலை ஊற்றினார்கள். அன்று காலை பனி மூட்டம். நாலு கம்பம் இருக்கட்டும், ஒரு கம்பமே தெரியவில்லை. அவரைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று நெருங்கினேன். இன்னும் நெருங்கினேன். கடைசியில் பதினைந்து இருபது மீட்டரில், அவர் வண்டியின் பின் கண்ணாடி வழியாக, உள்ளே தொங்கும் சின்னக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

பேசிக்கொண்டிருந்தார்.

முதலில் போன் என்று நினைத்தேன். போன் ஆபீஸ் பெட்டியில் இருக்கிறது. பாட்டு என்று நினைத்தேன். பாட்டுப் பாடுகிறவர்கள் நடுவில் நிறுத்தி, இடது கையை விரித்து, "நீயே சொல்லு" என்பது போலத் தலையை ஆட்ட மாட்டார்கள். அந்த அம்மா யாரிடமோ எதையோ முறையிட்டுக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். நேராக என்னை. பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "அப்படியா?" என்றேன். வண்டிக்குள் என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

பனி விலகியது. நான் விலகவில்லை. தாளில் 'நாலு' என்று எழுதினேன்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். விடிந்தால் எப்போது ரோட்டுக்கு வருவோம் என்றிருந்தது. அவர் வாய் அசையும், நான் ஊகித்துக்கொண்டு பதில் சொல்வேன். கையை உதறினால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வேன். "விடுங்க, எங்க வீட்லயும் அதே கதைதான்" என்பேன். உதட்டைச் சுழித்தால் பையனைப் பற்றி. அவருக்கு வெளிநாட்டில் ஒரு பையன் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். "பிள்ளைங்கன்னா அப்படித்தான், வேலை இருக்கும்" என்பேன். பிள்ளையே இல்லாத நான். சில சமயம் சிரிப்பார். எதற்கென்று தெரியாமலே நானும் சிரிப்பேன். பத்துப் பன்னிரண்டு நாளில் நானே ஆரம்பிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். மனைவி போன அன்றைக்கு வாசல் வரை போய் வழியனுப்பினேனே தவிர, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததை ஒரு காரின் பின் கண்ணாடியிடம் சொன்னேன். சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

ஆனால் டீக்கடையில் அதே பெஞ்சு, அதே வெயில், அதே ஆமா. பதினைந்து மீட்டரில் வாயாடிகளாக இருந்த இரண்டு பேர் பத்தடியில் ஊமைகளாகிவிடுவோம்.

இதற்கிடையில் ஆபீஸ் சுவரில் மருந்துக்காரர் தினமும் ஒரு எண் எழுதினார். மருந்தால் மிச்சமான பெட்ரோல், நூற்றுக்கு எவ்வளவு என்று. மூன்றுக்கு மேல் வர வேண்டியது. புள்ளி இரண்டு. புள்ளி நாலு. ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே. முதல் வாரம் தராசைச் சந்தேகப்பட்டார். இரண்டாவது வாரம் பெட்ரோல் பங்கை. மூன்றாவது வாரம் தன்னையே. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று மெக்கானிக் சொன்னார்.

எனக்கு எல்லாம் தெரியும். மருந்து முன்வண்டியில் எதை மிச்சம் பிடித்ததோ அதே அளவை நான் அதன் முதுகுக்குப் பின்னால் ஓசிக்காற்றில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் ஒப்பிட்டால் பூஜ்யம் வராமல் என்ன வரும்? ஒரு மனுஷனின் மூன்று வருஷத்தை நான் தின்றுகொண்டிருந்தேன். தெரிந்தும் தின்றேன். இதை அழகாகச் சொல்ல வழி இல்லை.

மருந்து ஊற்றியதிலிருந்து இருபத்து நாலாவது ஓட்டத்தன்று யோக்கியனாகிவிடுவது என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், பேசாமல் தள்ளிப் போய்விடலாம். நாலு கம்பம், அச்சாக. அன்றைக்கு அந்த ரோடு முடியவே இல்லை. முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்குள் அவர் பேசுகிறாரா, சும்மா வருகிறாரா என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

டீக்கடையில் அவரே வாயைத் திறந்தார். "வண்டி ஏதும் மக்கர் பண்ணுதா?"

"இல்லையே."

"உடம்புக்கு ஏதும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஓ" என்றார். டீயை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை சுவரில் மூன்று புள்ளி ஆறு. மருந்துக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்தார். மறுநாள் காலை, மூன்றாவது கிலோமீட்டரிலேயே, என் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது. கண்ணாடியில் அவர் முகம் வந்தது. என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். அன்று மாலை புள்ளி மூன்று. மருந்துக்காரர் மூன்று புள்ளி ஆறின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டார். ஏதோ தப்பு நடந்த நாள் என்று ஒதுக்கிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் தேன் நிறத்தில் ஒரு பாட்டில் மருந்து.

"நாளையோட நிறுத்திடலாம்னு இருக்கேன். பாட்டில்ல அடைச்சு விக்கற கம்பெனிக்காரங்க வெள்ளிக்கிழமை வர்றாங்க. காட்ட ஒண்ணும் இல்ல. இது வேலை செய்யல." பாட்டிலைத் தள்ளி வைத்தார். "உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. ரெண்டு பேரும் ஒழுங்கா ஓட்டினீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"சார், நான் நாலு கம்பம் தள்ளி வரல."

"எந்த நாள்?"

"மருந்து ஊத்தினதுலேர்ந்து."

"எத்தனை கம்பம் இருக்கும்?"

"கம்பமே இருக்காது."

எழுந்து அலமாரியிலிருந்து முன்வண்டியின் உறைகளை எடுத்துத் தாள்களைப் பரப்பினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அவங்களும் நாலுன்னுதான் எழுதியிருக்காங்க. எல்லா நாளும், எல்லாக் கட்டத்துலயும். இங்க பாருங்க, நாலு, நாலு, நாலு." தாளைக் கீழே வைத்தார். "நான் சங்கடப்படறேன்னு பழியை உங்க மேல போட்டுக்கறீங்க. வேண்டாம். அந்தம்மா ஒழுங்கா எண்ணி எழுதறவங்க."

அந்த அம்மாவின் கண்ணாடியில் நான் எப்போதும் முகம் தெரிகிற தூரத்தில்தான் இருந்தேன். நாலு கம்பத்துக்கும் அதற்கும் வித்தியாசம் குருடருக்கும் தெரியும். நான் பொய் எழுதினேன், சரி. அவர் ஏன் எழுதினார்?

"இருபத்து நாலாவது ஓட்டம் பாருங்க சார். நீங்க சிவப்புக் கோடு போட்டது. அன்னிக்கு மட்டும்தான் நான் நிஜமாவே தள்ளி வந்தேன்."

மருந்துக்காரர் அந்தத் தாளை உருவினார். அதிலும் நாலு, நாலு, நாலுதான். ஆனால் தாளின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு இடம் உண்டு. யாரும் எதுவும் எழுதுவதில்லை, யாரும் படிப்பதும் இல்லை. அதில் சின்னச் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"பின்வண்டி இன்று ரொம்பத் தள்ளி வருகிறது, நாலு கம்பம் இருக்கும். ஆளுக்கு என்னவென்று தயவுசெய்து விசாரிக்கவும்."

அவர் படித்து முடித்தபோது வாசலில் முன்வண்டி நின்றுகொண்டிருந்தார். வண்டிச் சாவியைக் கொடுக்க வந்தவர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் முழுவதும் கேட்டிருந்தார்.

மருந்துக்காரர் முகத்தைப் பார்க்கிற ஆள் இல்லை. அவருக்குள் ஏதோ பற்றிக்கொண்டுவிட்டது. "அப்போ மூணு புள்ளி ஆறுதான் நிஜம். மத்ததெல்லாம்தான் தப்பு. மேடம், மத்த நாள்ல இவர் எத்தனை கம்பம் தள்ளி வந்தாரு?"

முன்வண்டி சாவியை மேஜை மேல் வைத்தார். "ஒட்டித்தான் வந்தாரு."

"தெரிஞ்சா நாலுன்னு எழுதினீங்க?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

அவர் சாவியை மேஜையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். இந்த மனுஷர் விடாமல் "ஏன் மேடம்?" என்று மறுபடி கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, காரணம் தெரிந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம் என்று கேட்டார். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் ஒரு தாளின் மூலையில் ஒளித்து வைத்திருந்ததை, நான்தான் நாள் சொல்லி, தாள் சொல்லி எடுத்துக் காட்டிக் கொடுத்திருந்தேன்.

மருந்துக்காரர் அதற்குள் அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டார். கம்பெனிக்காரர்களிடம் இரண்டு வாரம் தவணை கேட்கலாம், பத்து ஓட்டம் போதும், இரண்டு வண்டிக்கும் நடுவில் இனி அரை மணி நேரம் விட்டுவிடலாம், யாரும் யாரையும் பார்க்கவே வேண்டாம் என்றார். எங்கள் இரண்டு பேர் மேலும் கோபமே இல்லை அவருக்கு.

"எனக்கு வேண்டாம் சார்" என்றார் முன்வண்டி. "நான் நின்னுக்கறேன்." பெட்டியிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். வேறு யாரும் இல்லை. பக்கத்தில் போய் நின்றேன், இரண்டடி தள்ளி.

"சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்றார் ரோட்டைப் பார்த்தபடி.

"அவர் பாவம்ங்க. மூணு வருஷம்."

"பாவம்தான். சொல்லாம, பேசாம தள்ளி வந்திருக்கலாம்."

"ஒரு நாள் வந்தேன். முடியல."

அவர் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "எனக்கும்தான் முடியல. அதான் எழுதித் தொலைச்சேன். யாரு படிக்கப் போறாங்கன்னு."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "வண்டில யார்கிட்ட பேசிக்கிட்டே வருவீங்க?"

"வேற யாரு இருந்தா அந்த ரோட்ல?" என்றார். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான் பதில் சொன்னீங்க. பார்த்தேன்."

"எனக்கு ஒரு வார்த்தையும் கேக்கலங்க. நானா எதையோ நினைச்சுக்கிட்டு சொன்னேன்."

"எனக்கு மட்டும் கேட்டுச்சா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்கு மேல் பேச ஆயிரம் இருந்தது. குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டிருக்கலாம். பையன் போன் செய்தானா என்று கேட்டிருக்கலாம். என்ன பேசினீர்கள், முதல் நாளிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். நடுவில் கண்ணாடி இல்லை, இரைச்சல் இல்லை, விதி இல்லை. நான் நிறுத்தத்தின் பெயர்ப்பலகையைப் படித்தேன். அவரும் பேருந்து வருகிற திசையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பேருந்து வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பி, "வரேண்ணா" என்றார்.

ஐம்பது நாளில் அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டதே இல்லை. மெக்கானிக் அண்ணா, டீக்கடை அண்ணா, வாசலில் உட்கார்ந்திருக்கிற காவலாளி அண்ணா, ஊர் முழுக்க அவருக்கு அண்ணா. என்னை மட்டும் எந்த முறையும் வைக்காமல், "இந்தாங்க", "கொஞ்சம் பாருங்க" என்று மொட்டையாகவே கூப்பிடுவார். என் சிடுமூஞ்சிக்கு முறை வைக்கக்கூட மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். மடையன். அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார் என்பது, அது நிரம்பிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அது என் பேருந்தும்தான். என் தெருவழியாகத்தான் போகும். ஏறவில்லை. அவமானப்பட்டு வந்தவரைத் தனியாக விடுவதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேருந்து வளைவு திரும்பின பிறகு யோசித்தால் மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. பயம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்ற அதே பயம்.

மருந்துக்காரருக்குத் தவணை கிடைத்தது. புது ஆளைப் பிடிக்க நேரமில்லாததால் இரண்டு காரையும் நானே ஓட்டினேன். ஒரு நாள் காலையில் இது, மதியம் அது. மறுநாள் மாற்றி. அந்த அம்மா ஓட்டிய கார் சீட்டை எனக்காகப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. டீக்கடையில் இருபது நிமிஷம். கடைக்காரர் முதல் நாள், "அந்தக்கா வரலையா?" என்று கேட்டார். "வேற வேலைக்குப் போயிட்டாங்க" என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பத்தாவது நாள் மாலை மருந்துக்காரர் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு புள்ளி நாலு. பத்து நாளும் ஏறக்குறைய அதேதான். நீங்க அன்னிக்கு வாயைத் திறக்கலேன்னா இதைக் குப்பைல கொட்டியிருப்பேன்." பிறகு தயங்கினார். "அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நான் சொன்னா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, வீட்ல சொன்னப்போ என் மனைவி திட்டினா. நீங்க சொன்னா சந்தோஷப்படுவாங்க. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு பழக்கம்."

"சரி, சொல்லிடறேன்" என்றேன்.

அந்த அம்மாவின் நம்பரை அவரிடம் கேட்டிருக்கலாம். ஆபீஸ் தாளில் எங்கேயாவது இருக்கும். அவ்வளவு பழக்கம் என்று ஒருவர் சொன்ன பிறகு, அந்த நம்பர்கூட என்னிடம் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார், அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

மறுநாள் கார்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். என் பழைய காரை, வெறும் ஆயில் காரை, அந்த ரோட்டில் கடைசியாக ஒரு தடவை ஓட்டிக்கொண்டு போனேன். முன்னால் யாரும் இல்லை. நிறுக்கிறவர்களும் இல்லை, எந்த வேகத்தில் வேண்டுமானாலும் போகலாம். எண்பதில்தான் போனேன். வளைவு தாண்டி நேர் ரோடு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மூணு புள்ளி நாலுங்க" என்றேன் சத்தமாக. "நம்ம மருந்து வேலை செஞ்சிருச்சு."

சொல்லிவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினேன்.